கோபக்காரியின் குரல்: எடா மோஸரை வைத்து சோப்ரானோவைப் புரிந்துகொள்வோம்

சோப்ரானோ என்றால் என்ன என்று யாராவது கேட்டால், ‘உச்சத்தில் பாடும் பெண்குரல்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். தப்பில்லை. மாமரம் என்றால் பச்சையாக நிற்கும் மரம் என்று சொல்வதும் தப்பில்லைதான்.

எனக்கு அந்தச் சொல் ஓரளவாவது பிடிபட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். செல்பேசியில் ஒரு ஜெர்மன் ஓபரா பாட்டை ஓடவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அடுப்படிக்குள் வந்த அம்மா அரை நிமிடம் நின்று கேட்டுவிட்டு, “யாரை இவ இந்தத் திட்டு திட்டுறா?” என்றாள். அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது. எனக்கும் தெரியாது, ஆனால் கதை தெரியும். “பெத்த மகளைத்தான். கையில கத்தியைக் கொடுத்து, போய் அவனைக் குத்திட்டு வா, இல்லேன்னா நீ என் மகளே இல்லைங்கறா” என்றேன். “அதானே” என்று சொல்லிவிட்டு அம்மா குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள்.

பாடியவர் எடா மோஸர், ஜெர்மனியின் பெர்லின் நகரத்துக்காரர். அந்தப் பெயரைத் தமிழில் ‘எட்டா’ என்று இரட்டித்து எழுதினால் உச்சரிப்பு கெட்டுவிடும். பொருள் என்னவோ பொருந்திவிடும். பாட்டு, மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவில் இரவின் ராணி பாடுவது. ‘நரகத்தின் பழிவெறி என் நெஞ்சில் கொதிக்கிறது’ என்று தொடங்கும். மியூனிக்கில் பவேரிய அரசு ஓபராவின் இசைக்குழுவோடு, வொல்ஃப்காங் ஸவாலிஷ் நடத்த, 1972-இல் பதிவானது.

அந்தப் பதிவு இப்போது கோள்களையெல்லாம் தாண்டி, நட்சத்திரங்களுக்கு இடையிலான வெளியில் போய்க்கொண்டிருக்கிறது. 1977 ஆகஸ்ட் 20 அன்று வாயேஜர் 2, செப்டம்பர் 5 அன்று வாயேஜர் 1 என்று நாசா இரண்டு விண்கலங்களை ஏவியது. ஒவ்வொன்றிலும் தங்க முலாம் பூசிய ஒரு செப்பு இசைத்தட்டு. என்றைக்காவது யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று வானியலாளர் கார்ல் சேகன் தலைமையிலான குழு தேர்ந்தெடுத்த 27 இசைத் துண்டுகள் அதில் உண்டு. மொத்தம் சுமார் 90 நிமிடம். அவற்றில் ஓபரா ஒன்றே ஒன்றுதான்: எடா மோஸர் மகளைச் சபிக்கும் இந்த 2 நிமிடம் 55 வினாடி. பூமியின் முதல் வணக்கத்தோடு இப்படி ஒரு சாபமும் சேர்ந்து போயிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். (அதே தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. தமிழ் இல்லை. பெரும்பாலான வாழ்த்துகளை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிடைத்தவர்களை வைத்துப் பதிவு செய்தார்கள். இருந்தாலும் வருத்தம் வருத்தம்தான்.)

சரி, உச்சம் என்றால் எவ்வளவு உச்சம்? நமக்குத் தெரிந்த அளவுகோலில் பார்ப்போம். கர்நாடக சங்கீதத்தில் பெண்கள் பொதுவாக ஐந்து கட்டையை ஒட்டிச் சுருதி வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஷட்ஜம் வினாடிக்கு 196 அதிர்வுகள். மேலே தார ஸ்தாயிப் பஞ்சமம் வரை ஏறினால் 587. அங்கே நிற்கும்போதே சபையில் கைதட்டல் கிளம்பிவிடும். இரவின் ராணி தொட வேண்டிய உச்சி, பியானோக்காரர்கள் ‘எஃப்’ என்று சொல்லும் சுரம். வினாடிக்குச் சுமார் 1,400 அதிர்வுகள். அதாவது நம் பாடகி கைதட்டல் வாங்கிய இடத்திலிருந்து இன்னும் ஒரு முழு ஸ்தாயி ஏறி, அதற்கு மேலும் கொஞ்சம் போக வேண்டும். குரல்நாண்கள் வினாடிக்கு ஆயிரத்து நானூறு முறை மூடித் திறக்கின்றன. சாதாரண சோப்ரானோவுக்கு இவ்வளவு தேவையில்லை. பியானோவின் நடு ‘ஸி’யிலிருந்து இரண்டு ஸ்தாயி இருந்தால் பெரும்பாலான வேடங்களைப் பாடிவிடலாம்.

நம் ஊரில் சுருதியைப் பாடுபவர் தேர்ந்தெடுக்கிறார். தொண்டை சரியில்லாத நாளில் அரைக் கட்டை இறக்கித் தம்பூராவைச் சேர்த்துக்கொண்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஓபராவில் அது பொதுவாக நடக்காது. அறுபது எழுபது வாத்தியக்காரர்கள் முன்னால் அச்சிட்ட தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மோட்சார்ட் 1791-இல் எந்த சுரத்தை எழுதினாரோ அதைத்தான் பாட வேண்டும். (அந்தக் காலத்து வியன்னா சுருதி இன்றையதைவிடச் சற்றே தாழ்வு. ஆகவே இன்றைய ராணிக்கு வேலை கொஞ்சம் கூடுதல்.) அவர் அதை எழுதியது ஒரு குறிப்பிட்ட தொண்டைக்காக. யோசெஃபா ஹோஃபர், மோட்சார்ட்டுக்கு மனைவியின் அக்காள். அந்த அம்மாள் எளிதாக எட்டிய இடத்தை மனதில் வைத்து எழுதிவிட்டார். மைத்துனிக்குத் தைத்த சட்டைக்குள் இருநூறு வருஷமாக உலகத்துப் பாடகிகள் எல்லாம் தங்களைத் திணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த உயரத்தை நாம் பாடும் முறையில் எட்ட முடியாது. நம் சங்கீதத்தில் குரல் பெரும்பாலும் மார்பிலிருந்து, திறந்து வருகிறது. மேலே போகப் போக மெல்லியதாக மாற்றிக்கொண்டு பாடினால் ‘கள்ளத் தொண்டை’ என்று முகம் சுளிப்போம். ஓபரா சோப்ரானோவுக்கு அந்த மாற்றுக் குரல்தான் மூலதனம்; அதைப் பல வருஷம் பழக்கி, கனமும் பளபளப்பும் ஏற்றி, கள்ளத்தனம் தெரியாத அளவுக்கு ஆக்கியிருப்பார்கள். வாயேஜர் தட்டிலேயே இதற்கு ஒரு நல்ல சோடி இருக்கிறது. அதில் இந்தியாவின் பங்கு கேசர்பாய் கேர்கர் பாடிய ‘ஜாத் கஹான் ஹோ’ என்ற பைரவி. கனமான, நெஞ்சு நிறைந்த, கீழே வேரூன்றிய குரல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மனுஷத் தொண்டை ஒன்றுதான், அதை இரண்டு ஊர் எவ்வளவு வேறு வேறாக வளர்த்திருக்கிறது என்பது விளங்கிவிடும். எது உசத்தி என்று என்னைக் கேட்காதீர்கள். கேசர்பாய் 1977 செப்டம்பர் 16 அன்று காலமானார். வாயேஜர் 1 கிளம்பிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

ஓபராவில் மைக் கிடையாது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் சுமார் 3,800 இருக்கைகள். நடுவில் ஒரு முழு இசைக்குழு. கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். கத்தினால் போகாது, கத்தினால் இரண்டாம் நாளே தொண்டை போய்விடும். போவது ஒத்ததிர்வால்.

காலி பாட்டிலின் வாயில் ஊதிப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சத்தம் மாறும். நம் வாயும் தொண்டையும் சேர்ந்து அப்படி ஒரு பாட்டில். அதற்கும் ஒரு சொந்தச் சுரம் உண்டு. தாடையை இறக்கினால் அது ஏறும். பாடும் சுரமும் பாட்டிலின் சுரமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிட்டால், அதே மூச்சுக்கு ஒலி பல மடங்காகிறது. உச்சத்தில் சோப்ரானோ வாயை ஆவென்று பிளப்பது நாடகத்துக்காக இல்லை; பாட்டிலைச் சுருதி சேர்க்கிறார். வீணைக்காரர் பிருடையைத் திருகுவதுபோல இவர் தாடையைத் திருகுகிறார்.

இதற்கு ஒரு விலை உண்டு. வாய் அவ்வளவு திறந்த பிறகு ‘இ’யும் ‘உ’வும் சொல்ல முடியாது. எல்லா உயிரெழுத்தும் ‘ஆ’ பக்கம் சாய்ந்துவிடும். மெல்லினம், வல்லினம் எதுவும் நிற்காது. ஓபரா பாட்டில் வார்த்தை புரியவில்லை என்று புதிதாகக் கேட்பவர்கள் சொல்வது சரியான புகார்தான். உச்சத்தில் ஜெர்மன்காரர்களுக்கும் புரியாது. மோட்சார்ட் இதைத் தெரிந்தே எழுதியிருக்கிறார். ‘இனி நீ என் மகளே இல்லை’ என்ற முழுச் செய்தியையும் புரியும் உயரத்தில் சொல்லி முடிக்க வைத்துவிட்டு, அதன் பிறகுதான் உச்சிக்கு ஏற்றுகிறார். அங்கே சொல் இல்லை. வெறும் உயிரொலி, துண்டு துண்டாக, ஊசி குத்துவதுபோல. என் அம்மா கேட்டது அந்த ஊசிகளைத்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சோப்ரானோ என்பது ஒரு குரல் இல்லை, ஒரு வீடு. அதற்குள் பல அறைகள். ஜெர்மன் நாடக அரங்குகளில் இந்த அறைகளுக்கு ‘ஃபாஹ்’ என்று பெயர். அலமாரியின் தட்டு, இழுப்பறை என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஜெர்மனியில் பொதுப்பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் சுமார் 80 இருக்கின்றன. சின்னச் சின்ன ஊர்களில்கூட. பாடகரை மாதச் சம்பளத்துக்கு எடுக்கும்போதே, இவர் இந்த இழுப்பறை என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த வகை வேடங்கள் அவருக்கு. வேறு வகையைப் பாடச் சொன்னால் மறுக்க அவருக்கு ஒரு பிடிமானம்.

நம் ஆட்களுக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று பிரித்திருந்தோம். வள்ளி திருமணத்துக்கு ஆள் பேசும்போது ‘ராஜபார்ட்டுக்கு யார்’ என்றுதான் கேட்பார்கள். ஃபாஹ் என்பது ஏறக்குறைய அதேதான், ஆனால் பிரிப்பது தொண்டையை வைத்து.

சோப்ரானோ வீட்டில் மெல்லிய, துறுதுறுப்பான குரல் ‘சூப்ரெட்’. வாயாடி வேலைக்காரி வேடங்கள் அதற்கு. இனிமையாக நீண்டு ஒலிப்பது ‘லிரிக்’. காதலிகள், அநியாயமாகத் துன்பப்படும் நல்ல பெண்கள். வாத்தியங்களைக் கிழித்துக்கொண்டு வரும் கனமான குரல் ‘டிராமாட்டிக்’, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் வீராங்கனைகள். அப்புறம் ‘கொலொரத்தூரா’. வேகமான சங்கதிகளை உருட்டித் தள்ளும் திறன். பிருகா சாரீரம் என்று நாம் சொல்வதற்குப் பக்கத்து வீடு. குரல் மெல்லியதாக இருந்தால் உருட்டுவது சுலபம், பெரிய குரலுக்குக் கஷ்டம். கனமும் வேண்டும், உருட்டவும் வேண்டும் என்கிற அறைக்கு ‘டிராமாட்டிக் கொலொரத்தூரா’ என்று பெயர். லாரியின் எஞ்சினும் பைக்கின் வளைவும் ஒரே வண்டியில். அபூர்வமான சரக்கு.

எடா மோஸர் அந்த அறைக்காரர். அந்த அறைக்கு எழுதப்பட்ட பெண்களைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்: எல்லாருமே கொதித்துக்கொண்டிருக்கிறார்கள். இரவின் ராணி பழிவாங்கத் துடிக்கிறாள். மோட்சார்ட்டின் ‘டான் ஜொவான்னி’யில் டோன்னா அன்னா, அப்பாவைக் கொன்றவனைப் பழிதீர்க்கச் சொல்லிக் காதலனிடம் சத்தியம் வாங்குகிறாள். ‘இடொமெனெயோ’வில் எலெட்ரா பொறாமையில் பைத்தியம் பிடித்து வெளியேறுகிறாள். ஹாண்டலின் ‘ரினால்டோ’வில் அர்மிடா சூனியக்காரி. நிஜத்தில் அந்த அம்மாள் எப்படிப்பட்டவரோ, மேடையில் அவருடைய தொண்டை அவரைக் கோபக்காரியாக்கிவிட்டது. குரல்வகை என்பது நீ எவ்வளவு உயரம் பாடுவாய் என்பதை மட்டுமல்ல, யாராக வாழ்வாய் என்பதையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது. சோப்ரானோவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

எடா மோஸர் 1938 அக்டோபர் 27 அன்று பெர்லினில் பிறந்தவர். இசைக் குடும்பம். தாத்தா அந்த்ரேயாஸ் மோஸர் வயலின் ஆசிரியர். யோசெஃப் யோவாகிம் என்ற மாபெரும் வயலின் மேதையின் உதவியாளர், அவர் வாழ்க்கையை எழுதியவர். அந்த மரியாதையில் தன் மகனுக்கு ஹான்ஸ் யோவாகிம் என்று பெயர் வைத்தார். யோவாகிம் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பெயரைச் சுமந்த மகன், அதாவது எடாவின் அப்பா, பெரிய இசை ஆய்வாளரானார். நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். போர்க்காலத்தில் கோயபல்ஸின் பிரசார அமைச்சகத்தின் கீழ் இருந்த இசைத் தழுவல் அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஹாண்டலின் பழைய ஏற்பாட்டுக் கதைகளிலிருந்து யூதச் சுவடுகளை அழித்துப் புதிய வரிகள் எழுதவைத்த அலுவலகம் அது. இதை அந்த மகள் மேல் சுமத்த எனக்கு விருப்பமில்லை. போர் முடிந்தபோது அவருக்கு ஆறு வயது. ஆனால் அந்தத் தலைமுறை ஜெர்மன் கலைஞர்கள் யாரைப் பற்றி எழுதினாலும் இரண்டு பக்கம் பின்னால் புரட்டினால் இப்படி ஏதாவது ஒன்று கிடைக்கும். விட்டுவிட்டு எழுதினால் பாதி எழுதியதாகிவிடும்.

போருக்குப் பின் பெர்லின் நகர இசைப்பள்ளியில் படிப்பு. குருமார்களில் ஒருவர் ஹெர்மன் வைஸன்போர்ன். பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல்) பாடகர் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவுக்கும் அவர்தான் குரு. 1962-இல் பெர்லினில் மேடையேற்றம். ‘மடாமா பட்டர்ஃப்ளை’யில் கேட் பிங்கர்ட்டன் என்ற வேடம். கதாநாயகியின் புருஷனை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு, கடைசி அங்கத்தில் வந்து சில வரி பாடிவிட்டுப் போகும் பாத்திரம். அதற்கப்புறம் வூர்ட்ஸ்பர்க் அரங்கில் கோஷ்டிப் பாடகி. பிறகு ஹாகன், பீலஃபெல்ட் என்று நடுத்தர ஊர்களின் மேடைகள்.

இந்த வருஷங்களை வாழ்க்கை வரலாறுகளில் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு இதுதான் சுவாரசியம். சோப்ரானோ பிறப்பதில்லை, இப்படிப்பட்ட ஊர்களில்தான் வேகிறார். ஒரு வாரம் மோட்சார்ட், அடுத்த வாரம் வேறு ஒருவர், இடையில் ஒரு லேசான இசை நாடகம். உடம்பு சரியில்லாமல் போனாலும் தோற்றாலும் அரங்கம் அன்பாகப் பார்த்துக்கொள்ளும், பெரிய பத்திரிகைக்காரர் எவரும் உட்கார்ந்திருக்க மாட்டார். தொண்டை எந்த இழுப்பறைக்குரியது என்று அங்கேதான் தெரியவரும். இருபது வயதுத் தொண்டை தன் எடையை இன்னும் அறியாத தொண்டை. கனமான வேடத்தை அவசரப்பட்டு எடுத்து முப்பது வயதில் குரலைத் தொலைத்தவர்கள் கதை ஓபரா உலகத்தில் ஏராளம்.

அவருடைய 1968-ஆம் வருஷத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் காரயான் அப்போது வாக்னரின் ‘ரைன் தங்கம்’ ஓபராவைப் பதிவும் செய்து மேடையிலும் ஏற்றிக்கொண்டிருந்தார். அதில் ரைன் நதியில் நீந்தும் மூன்று கன்னிகளில் ஒருத்தி வெல்குண்டே. அது எடா மோஸருக்கு. அந்த வேடத்தோடு நவம்பர் 22 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் முதல் மேடை. மூன்றில் ஒருத்தி, அவ்வளவுதான். ஆனால் வாசல் திறந்துவிட்டது.

பதினேழு நாள் கழித்து, டிசம்பர் 9, ஹாம்பர்க். ஹான்ஸ் வெர்னர் ஹென்ஸ எழுதிய ‘மெடூசாவின் தெப்பம்’ அரங்கேற்றம். கப்பல் உடைந்து ஒரு தெப்பத்தில் கைவிடப்பட்டவர்கள் ஒவ்வொருவராகச் சாவதே கதை. பாடகர் கோஷ்டி முதலில் உயிரோடிருப்பவர்கள் பக்கம் நிற்கும். சாகச் சாக ஒவ்வொருவராக மேடையின் மறுபக்கத்துக்கு நடந்துபோவார்கள். அங்கே அவர்களை அழைத்துக்கொண்டிருக்கும் ‘மரணம்’ சோப்ரானோ வேடம். அதுவும் எடா மோஸர்தான். எதிரே உயிரின் பக்கத்தில், ஒரே குருவிடம் படித்த ஃபிஷர்-டீஸ்காவ். படைப்பு சே குவேராவுக்கு அஞ்சலி. மாணவர்கள் மேடையில் சே படத்தை வைத்தார்கள், யாரோ கிழித்தார்கள், செங்கொடி ஏறியது, மேற்கு பெர்லினிலிருந்து வந்த கோஷ்டி செங்கொடிக்குக் கீழே பாட மாட்டோம் என்றது. போலீஸ் புகுந்தது. பாடல்வரி எழுதிய எர்ன்ஸ்ட் ஷ்னாபல் கைதானார். அரங்கேற்றம் நடக்கவேயில்லை. வானொலியில் காத்திருந்தவர்களுக்கு ஒத்திகையின் பதிவை ஒலிபரப்பினார்கள். இன்றைக்கு நாம் கேட்பதும் அந்த ஒத்திகையைத்தான். ஒரு சுரம்கூட மேடையில் ஒலிக்காமல் ஒரு பாடகி வரலாற்றில் இடம்பிடித்த ராத்திரி.

அதன் பிறகு வியன்னா, மியூனிக், பெரிய மேடைகள், பெரிய பதிவுகள். 1971-இல் ட்ரெஸ்டன் இசைக்குழுவோடு ‘இடொமெனெயோ’, அதில் எலெட்ரா. அடுத்த வருஷம் நாம் பேசிக்கொண்டிருக்கும் இரவின் ராணி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதல் பதிவில் எலெட்ராவின் பொறாமைக்கு ஆளாகும் இலியா, ஆன்னலீஸ ரோட்டன்பெர்கர். இரண்டாவதில் ராணியிடம் கத்தியும் சாபமும் வாங்கும் மகள் பமீனா, அதே ஆன்னலீஸ ரோட்டன்பெர்கர். அவரும் சோப்ரானோதான், ஆனால் லிரிக் அறைக்காரர். ஆகவே ஒருவருக்கு இரண்டு தடவையும் இளவரசன் கிடைக்கிறான். இன்னொருவருக்கு இரண்டு தடவையும் கோபம்தான் கிடைக்கிறது. ஃபாஹ் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் இந்த இரண்டு பதிவையும் நீட்டுவது வழக்கம்.

ராணியின் பாட்டைக் கேட்கும்போது எதைக் கவனிக்கலாம்? எல்லாரும் உச்ச சுரங்களுக்காகக் காத்திருப்பார்கள். மெல்லிய குரல்காரர்கள் பாடும்போது அந்த இடம் அழகான பறவைச் சத்தமாகிவிடுகிறது. கைதட்டத் தோன்றும், பயம் வராது. எடா மோஸரிடம் ஊசிமுனைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எடை இருக்கிறது. சுரம் சின்னது, அதைத் தள்ளும் கை பெரியது. அதைவிட எனக்குப் பிடித்தது கடைசிப் பதினைந்து வினாடி. உச்சிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன, வாத்தியங்களும் விலகி வழிவிடுகின்றன. ராணி பழியின் தேவதைகளைக் கூப்பிடுகிறாள்: கேளுங்கள், கேளுங்கள், கேளுங்கள், ஒரு தாயின் சபதத்தைக் கேளுங்கள். இங்கேதான் சொல் திரும்பி வருகிறது. ஜெர்மன் மெய்யெழுத்துகளைக் கடித்துத் துப்புகிறார். மெல்லிய குரல்கள் காணாமல் போகும் இடம் இது.

எந்த ராணியும் சாகும்வரை ராணியில்லை. வயது ஏற ஏறப் பெண்குரலின் உச்சி ஒவ்வொரு படியாக மூடும், நடுப்பகுதி பெருக்கும். கெட்டிக்காரர்கள் அது மூடுவதற்கு முன்பே அடுத்த அறைக்குக் குடிபோய்விடுவார்கள். 1979-இல் ஜோசஃப் லோஸி ‘டான் ஜொவான்னி’யைத் திரைப்படமாக எடுத்தபோது டோன்னா அன்னா எடா மோஸர். இத்தாலியின் விசென்ஸா பக்கத்தில், பல்லாடியோ கட்டிய மாளிகைகளில் படப்பிடிப்பு. பாட்டுகள் முன்பே பதிவானவை, நம் சினிமா மாதிரி வாயசைப்பு. ஆகவே தாடை வித்தையைப் பார்க்க அந்தப் படம் உதவாது, முகத்தைப் பார்க்க உதவும். 1984-இல் மெட்ரோபாலிட்டன் தன் வரலாற்றில் முதல் முறையாக ஒரு ஹாண்டல் ஓபராவை மேடையேற்றியது. ‘ரினால்டோ’. சூனியக்காரி அர்மிடா யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிற்பாடு கொலோன் இசைக் கல்லூரியில் பேராசிரியரானார். ‘கம்மர்ஸெங்கரின்’ என்ற பட்டமும் உண்டு. ஆஸ்தான வித்துவான் என்று வைத்துக்கொள்ளலாம். 2006-இல் அவர் தொடங்கியது ஒரு பாட்டு விழா என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஜெர்மன் மொழிக்கான விழா. கவிதையும் உரைநடையும் சுத்தமாக, சத்தமாக வாசிக்கப்படுவதற்கென்றே ஒரு விழா. பின்னாளில் அது பாட் லாவ்க்‌ஷ்டெட் என்ற சிற்றூரில், 1802-இல் கவிஞர் கோதேயின் முயற்சியால் கட்டப்பட்ட நாடக அரங்கில் நடந்துவந்தது. சொல்லே இல்லாத சில உச்ச சுரங்களுக்காக உலகம் நினைவில் வைத்திருக்கும் ஒருவர், சொல்லைக் காப்பாற்ற விழா எடுக்கிறார். அந்தக் கடைசிப் பதினைந்து வினாடியைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

புதிதாகக் கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதல் தடவை அர்த்தம் பார்க்காமல், வேறு ஏதாவது வேலை செய்துகொண்டே கேளுங்கள். இரண்டாவது தடவை வரிகளின் பொருளைப் படித்துவிட்டுக் கேளுங்கள். மூன்றாவதாக அதே பாட்டை மெல்லிய குரல்காரர் ஒருவர் பாடியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகாது. வாயேஜர் தட்டு நிமிடத்துக்குப் பதினாறே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில், அதாவது சாதாரண எல்பி தட்டின் பாதி வேகத்தில் சுழலும்படி செய்யப்பட்டது. நிறையப் பாட்டு பிடிக்கட்டும் என்று. கண்டெடுப்பவர் குறிப்பைச் சரியாகப் படிக்காமல் எல்பி வேகத்தில் சுழற்றினால் ராணி இன்னும் ஒரு ஸ்தாயி ஏறிவிடுவாள். யோசெஃபா ஹோஃபரால்கூட முடியாத காரியம்.

போன வாரம் எலெட்ராவின் கடைசிப் பாட்டைப் போட்டிருந்தேன். அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். “அதே பொம்பளைதானே? இன்னும் கோபம் தீரலையா அவளுக்கு?”

“இது வேற கதைம்மா. இவ கட்டிக்கணும்னு இருந்த இளவரசனை இன்னொருத்தி கட்டிக்கப் போறா.”

“அப்ப பாடட்டும்” என்றாள்.